அந்தப் பொன்னாடை எனக்கு வேண்டாம்

தம்பி,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். உன்னிடம் அதைக் கேட்க இப்போது தேவை இல்லை. போன ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பேப்பரில் அரைப் பக்கத்துக்கு உன் படம் வந்திருந்தது. டை கட்டி, பின்னால் புத்தக அலமாரி தெரிய, நன்றாகத்தான் இருக்கிறாய். நானும் இருக்கிறேன். சர்க்கரை ஏறுகிறது, இறங்குகிறது, மழை வருவதை முழங்கால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. எண்பத்திரண்டு வயதில் இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? நேற்று உன் ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மரியாதையான பெண். அடுத்த மாதம் நீ பல்கலைக்கழகத் தலைவராகப் பதவி ஏற்கிற விழாவில் என்னை மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். இங்கே அலோர் காஜாவுக்கே காரும் டிரைவரும் அனுப்புவார்களாம். வேட்டி கட்டுவேனா, பாத்திக் சட்டை போடுவேனா என்று கேட்டாள். எனக்கு எதற்கம்மா பொன்னாடை என்றேன். "அந்தக் காலத்துல நீங்க யாரையும் காட்டிக் கொடுக்காம நின்னீங்கல்ல ஐயா, அதுக்குத்தான்" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் வருத்தம் தெரிவித்ததாக அவளிடம் சொல்.

பேப்பர் வந்த அன்றே உன்னைக் கூப்பிட்டேன், நினைவிருக்கும். எடுத்ததும், "படிச்சீங்களாப்பா, எப்படி இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாய். ஏன்டா இப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "அப்பா, அது ஒரு நேரேட்டிவ் லா. தோட்டத்துல பொறந்தவன் இந்த நாற்காலிக்கு வந்தான்னா அதுக்கு ஒரு கதை வேணும்ப்பா. நல்ல கதைதானே? யாருக்கு நஷ்டம்? அந்தக் காலத்து ஆளுங்க எல்லாம் போய்ச் சேர்ந்துட்டாங்க" என்றாய். அப்புறம் மீட்டிங் என்றாய். நேரேட்டிவ் என்றால் என்ன என்று பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் கேட்டேன். ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்லும் விதம் என்றார். நான் படித்த ஆறாம் வகுப்புத் தமிழில் நீ செய்ததற்குப் பொய் என்றுதான் பெயர். அதையும் உன் அப்பனை வைத்துச் சொல்லியிருக்கிறாய். உன் அம்மா போன பிறகு, உண்மை என்னவென்று இந்த உலகத்தில் என்னைத் தவிர உனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்திருந்தும் வாய் கூசாமல் சொல்லியிருக்கிறாய்.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் ஒரு தடவை முழுசாக எழுதுகிறேன். நீ பேராசிரியர், திருத்துவதற்குக் கை துறுதுறுக்கும். திருத்தாதே.

மலாக்காவில் புலாவ் செபாங் பக்கம் நம் ரப்பர் தோட்டம். நானும் உன் அம்மாவும் பால் மரம் வெட்டினோம். உனக்கு அப்போது மூன்று வயது. எமர்ஜென்சி என்று வெள்ளைக்காரன் சட்டம் போட்ட காலம் அது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாது என்று எங்கள் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தைச் சுற்றிக் கம்பிவேலி அடித்தார்கள். வீட்டில் அரிசி வைத்துக்கொள்ள முடியாது. எல்லோருக்கும் ஒரே அடுப்பில் ஆக்கி, ஆளுக்கு இவ்வளவு என்று சோறாகவே கொடுத்தார்கள். வேலைக்குப் போகும்போது கேட்டில் நிறுத்திப் பால் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். வயிற்றுக்கு ஒரு பிடி சோறு எடுத்துப் போகவும் விடமாட்டார்கள். உன் அம்மா விடிகாலையில் கஞ்சி குடித்தால் மதியம் திரும்பும் வரை பச்சைத் தண்ணீர்தான். இதையெல்லாம் நீ உன் ஆராய்ச்சியில் அழகாக எழுதியிருப்பதாகச் சொல்வார்கள். எனக்கு ஆங்கிலம் தெரியாது, கேள்விப்பட்டதுதான்.

அந்த லயத்தில் நான்தான் கடிதக்காரன். தோட்டத்துப் பள்ளியில் ஆறு வரை படித்தவன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இந்தியாவில் இருக்கும் அண்ணனுக்கு, தங்கைக்கு, நிலத்துப் பங்காளிக்கு என்று யாருக்கு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். வேலிக்குள் எழுத்துத் தெரிந்த இன்னொருவர் டிரஸர் செல்லத்துரை. தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டவர், யாழ்ப்பாணத்துக்காரர். கணக்கு எழுதும் கிராணி வேலிக்கு வெளியே, துரையின் பங்களாப் பக்கம் இருந்தார், பள்ளி வாத்தியார் புலாவ் செபாங்கிலிருந்து சைக்கிளில் வந்து போவார். டிரஸர் கொஞ்சம் ஒதுங்கிய மனிதர், சிரிக்க யோசிப்பார். ஆனால் உனக்கு வயிற்றுப்போக்கு வந்து கண் சொருகியபோது ஒரு பகல் முழுக்க உன் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டி கரண்டியாக உப்புத் தண்ணீர் புகட்டியவர் அவர்தான். அவருக்கும் உன் வயதில் ஒரு மகள், ராஜேஸ்வரி. நீங்கள் இருவரும் ஆஸ்பத்திரி வாசலில் ரப்பர் விதை வைத்து விளையாடுவீர்கள்.

ஒரு நாள் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வீடு வந்ததும் பட்டாளம் லயத்தை வளைத்துக்கொண்டது. யாரும் வெளியே போகக் கூடாது. வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். காட்டு ஆட்களுக்கு அரிசி, மருந்து, செய்தி யார் கொண்டுபோகிறார்கள் என்று தெரிந்தால் பெயர் எழுது, உன் பெயரைப் போட வேண்டாம், நாளைக் காலையில் பெட்டியில் போடு என்றார்கள். எழுதத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? கடிதத்துக்கு வருவது போலவே என் வீட்டுக்கு வந்தார்கள். வெற்றிலையோடு வந்தவரும் உண்டு. ஒரு கிழவி, "எல்லாரும் நல்லவங்க, வேலியை எப்ப எடுப்பீங்கன்னு கேட்டு எழுது தம்பி" என்றாள். நான் எல்லோர் கண் முன்னாலும் உட்கார்ந்து பதினான்கு தாளிலும் "எங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று எழுதினேன். கடிதம் எழுதிப் பழகிய கை. ஒவ்வொரு தாளின் தலையிலும் ஒரு பிள்ளையார் சுழி போட்டேன். போடாமல் எழுத்து ஓடுமா? அதுதான் நான் செய்த முட்டாள்தனம். இந்தக் கடிதத்துக்குச் சுழி போடவில்லை என்பதைக் கவனித்திருப்பாய்.

மறுநாள் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கூடாரம் அடித்து, ஒவ்வொருவராக உள்ளே அழைத்தார்கள். என் முறை வந்தது. வெள்ளைக்கார அதிகாரி மேசை மேல் அந்தப் பதினான்கு தாளையும் பரப்பி வைத்திருந்தான். ஒவ்வொன்றிலும் சுழியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். பக்கத்தில் மொழிபெயர்க்கத் தமிழ்ப் போலீஸ்காரர் ஒருவர். அவர் முதலில் சிரித்துவிட்டார். இது சாமி எழுத்து என்று அதிகாரியிடம் சொன்னார் போலிருக்கிறது. அவன் சிரிக்கவில்லை. "துரை நம்பலய்யா. பதினாலு வீட்டுக்கு ஒரே கை, ஒரே அடையாளம், ஒரே வாக்கியம். இது கட்சி அடையாளம், நீதான் இவங்களுக்குத் தலைவன்கிறாரு" என்றார். அப்புறம் குரலை இறக்கி, "பொண்டாட்டி புள்ள இருக்கா? உன்னைத் தூக்கி உள்ள வெச்சா அதுங்க கதி என்னாகும்னு பாரு. ஒரு பேரு சொல்லிட்டுப் போயிடுய்யா" என்றார். யோசித்தேன், தவித்தேன் என்று எழுத ஆசைதான். யோசிக்கவே இல்லை. "சன்னாசி" என்றேன்.

சன்னாசி எனக்குப் பக்கத்து மர நிரையில் பால் வெட்டியவன். உனக்கு அவன் முகம் நினைவிருக்காது. மாப்பிள்ளை, மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வோம். அவன் நிரை காட்டை ஒட்டி இருந்தது. தன் பங்குச் சோற்றில் கொஞ்சம் எடுத்து வாழையிலையில் சுற்றி, இடுப்புத் துணிக்குள் வைத்துக் கொண்டுபோவான். ஒரு நாள் நான் பார்த்துவிட்டேன். ஏன்டா உனக்கு இந்த வேலை என்றேன். "பசிக்குதுங்கறாங்க மாப்ள. பசின்னு கேட்டா எப்படி இல்லேங்கிறது?" என்றான். அவ்வளவுதான் அவன் அரசியல். மூன்றாம் நாள் பெரட்டில் அவன் பெயரைக் கூப்பிட்டுக் கையைப் பின்னால் கட்டினார்கள். லாரியில் ஏறும்போது என்னைப் பார்த்து, "வீட்டுல சொல்லிடு மாப்ள" என்றான். அந்த நேரத்திலும் நம்பிக்கையான ஆள் என்று என்னைத்தான் தேடினான். கொஞ்ச காலம் அடைத்து வைத்து, அவனையும் அவன் மனைவியையும் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள்.

காட்டிக் கொடுத்தது யார் என்று லயம் முழுக்க ஒரே பேச்சு. மற்றவர்களுக்கு எழுதத் தெரியாது. நான் எழுதியதைப் பதினான்கு வீடும் பார்த்திருக்கிறது. கூடாரத்துக்குள் எல்லோரும்தான் போய் வந்தார்கள், ஆனால் அங்கிருந்து போலீஸ் ஜீப்பில் ஏறிப் போனவர் டிரஸர் ஒருவர்தான். ஒரு சிப்பாய்க்குக் காலில் அடி, கட்டுப் போடக் கூட்டிப் போனார்கள். அதை யார் கேட்டார்கள்? "கடிதக்காரரு நம்ம கண்ணு முன்னாலதான் தெரியாதுன்னு எழுதுனாரு. அப்ப மிச்சம் யாரு? டிரஸருதான்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர் கொடுத்த மருந்தை வாங்கிப் போய்ச் சாக்கடையில் ஊற்றினார்கள். அவர் மனைவியோடு கிணற்றடியில் யாரும் பேசவில்லை. மாரியம்மன் திருவிழாவில் ஆண்டுதோறும் அவருக்குக் கட்டும் பரிவட்டம் இனி வேண்டாம் என்று கோயில் கூட்டத்தில் தீர்மானம் போட்டபோது, சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். நானும் தூக்கினேன். இதை உன்னிடமும் இதுவரை சொன்னதில்லை. மறு வருஷமே அவர் வேறு தோட்டத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். ஊர்ப் பேச்சு அவருக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

இன்னொன்றும் உனக்குச் சொல்லவில்லை. ஒன்றரை வருஷம் கழித்துச் சன்னாசியிடமிருந்து யாரோ எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்று வந்தது. மழை இல்லை, வேலை இல்லை, நம் மரங்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டிருந்தான். கடைசியில், "டிரஸர் ஐயா மேல் எனக்குக் கோபம் இல்லை என்று அவரிடம் சொல்லிவிடு. அவருக்கும் ஒரு பெண் பிள்ளை இருக்கிறது, பயந்திருப்பார்" என்று இருந்தது. லயத்தில் இருந்து யாரோ பள்ளி வாத்தியாரைப் பிடித்து அவனுக்கும் அந்தக் கதையை எழுத வைத்திருக்கிறார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. பதிலும் போடவில்லை. கடிதத்தை அடுப்பில் வைத்தேன். உன் அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். நாலு நாள் என் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டாள்.

அப்புறம் நீ படித்தாய். தோட்டத்துப் பள்ளி, அலோர் காஜா, மலாக்கா, கோலாலம்பூர், சீமை. அரசியல் படிக்கிறான் என்றால் தேர்தலில் நிற்கப் போகிறானா என்று லயத்தில் கேட்டார்கள். இல்லை, அரசாங்கம் மனிதர்களை எப்படி ஆட்டி வைக்கிறது என்று படிக்கிறான் என்று நீ சொல்லிக் கொடுத்தபடி சொல்வேன். ஆராய்ச்சிக்காக ஒரு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாய். நம் தோட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்றாய். "இவன் படிச்ச புள்ள. இவன்கிட்டயாவது சொல்லிடுங்க" என்றாள் உன் அம்மா. சொன்னேன். சொல்லும்போது உனக்காகத்தான் செய்தேன், நீ சின்னப் பிள்ளை என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன். அது பொய். என்னை அடிப்பார்கள் என்று பயந்தேன், அவ்வளவுதான். நீ டேப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். "பேர் போடாம, ஆனா உள்ளதை உள்ளபடி எழுதுறேன்ப்பா" என்றாய். சொன்னபடியே எழுதினாய். அச்சான பிறகு அந்தப் பக்கத்தை எடுத்து வரி வரியாகத் தமிழில் எனக்குப் படித்துக் காட்டினாய். கடிதம் எழுதும் தொழிலாளி ஒருவர், சுழி, கூடாரம், பக்கத்து நிரைக்காரன், பழி சுமந்த இன்னொருவர், எல்லாம் இருந்தது. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அன்றைக்கு எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? என்னால் முடியாததை என் மகன் செய்துவிட்டான் என்று இருந்தேன்.

அந்தப் புத்தகம்தான் உனக்குப் பேராசிரியர் பதவி வாங்கிக் கொடுத்தது. தேர்தல் வந்தால் டிவியில் நீதான். முதலில் எல்லாம் பட்டென்று பேசுவாய், பார்க்கிற எனக்கு இங்கே பக் பக் என்று இருக்கும். டீன் ஆன பிறகு இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தாய். சரி, வயதாகிறது, பொறுப்பு வருகிறது என்று விட்டுவிட்டேன். அப்போதுதான் நம் எதிர் வீட்டுப் பெண், உன்னிடம் படித்தவள், லீவில் வந்து ஒன்று சொன்னாள். பல்கலைக்கழகச் சுவரில் யாரோ நிர்வாகத்தைக் கண்டித்துப் போஸ்டர் ஒட்டிவிட்டார்களாம். "உங்க மகன் எங்க கிளாசுக்கு வெள்ளைப் பேப்பர் கொடுத்தாரு தாத்தா. யார் ஒட்டினதுன்னு எழுதணும், நம்ம பேர் போட வேணாம்னாரு" என்றாள். உன்னிடம் கேட்டதற்கு, "அது ரகசியத்தைக் காப்பாத்துற முறைப்பா, ஆராய்ச்சியிலயே இருக்கு" என்றாய். எந்த ஆராய்ச்சியில் இருக்கிறது? நீ எழுதிய ஆராய்ச்சியிலா? எத்தனை பிள்ளைகள் பெயர் எழுதினார்கள், யாரை வெளியே அனுப்பினாய் என்று அன்று நான் கேட்கவில்லை. மகன் வருத்தப்படுவானே என்று வாயை மூடிக்கொண்டேன். அங்கேயே உன்னைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். அது என் தப்பு.

பெரிய நாற்காலியில் உட்காரப் போகிறாய், அதனால் ஒன்று சொல்கிறேன். கேட்டால் கேள், விட்டால் விடு. உன் முன்னால் பயந்துபோய் நிற்கிறவன் வாயில் முதலில் வருகிற பெயரை நம்பாதே. அவனுக்குக் குற்றவாளி யார் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தனக்குப் பக்கத்தில் இருப்பவன் யார் என்று மட்டும்தான் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு வெளியே போவான். அதற்குப் பிறகு அவன் கோயில் கட்டினாலும், பிள்ளையைப் பெரிய படிப்புப் படிக்க வைத்தாலும், காலையில் எழுந்ததும் அந்தப் பெயர்தான் வந்து நிற்கும். இது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பேப்பருக்கு வருகிறேன். நீ என்ன சொல்லியிருக்கிறாய்? "எங்கள் தோட்டத்தில் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். என் அப்பா ஒரு பெயரும் எழுதவில்லை, ஒரு பெயரும் சொல்லவில்லை. அந்த நேர்மைதான் என்னை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தது." மற்ற ஆளின் பெயரை நீ சொல்லவில்லை. படித்தவன் அல்லவா, மாட்டிக்கொள்ள மாட்டாய். இரண்டு பேரில் ஒருவர் இல்லை என்றால் மிச்சம் யார் என்று படிக்கிறவர்கள் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். அன்றைக்கு லயத்துக்காரர்கள் போட்ட அதே கணக்கு. அவர்களாவது தெரியாமல் போட்டார்கள். நான் பயத்தில் ஒருவனைக் காட்டிக் கொடுத்தேன். உன் கழுத்தில் யார் கத்தி வைத்தார்கள்? ஆற அமர உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டு, ஒரு பேட்டிக்காக அந்த மனிதரை மறுபடியும் காட்டிக் கொடுத்திருக்கிறாய். என்னையும்தான். என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு தடவை உண்மை பேசினேன், அதை உன்னிடம் பேசினேன். அதைத் துடைத்துவிட்டு எனக்குப் பொன்னாடை போர்த்துகிறாயாம்.

எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றாய் அல்லவா? ராஜேஸ்வரி இருக்கிறாள். நர்சாக இருந்து ரிட்டயர் ஆகி, அலோர் காஜாவில்தான் இருக்கிறாள், என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. பசாரில் பார்த்தால் நின்று சர்க்கரை எவ்வளவு என்று கேட்பாள். திங்கட்கிழமை மத்தியானம் அந்தப் பேப்பரை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அங்கிள், ரெண்டு பேருக்குத்தான் எழுதத் தெரியும் எண்டு போட்டிருக்கு. ஒருத்தர் நீங்கள். மற்றவர் ஆர்?" என்று கேட்டாள். "அப்பாதான் காட்டிக் குடுத்தவர் எண்டு தோட்டமெல்லாம் கதைச்சது எனக்குத் தெரியும். அப்பாவின்ரை செத்த வீட்டுக்கு ஒருத்தரும் வரேல்லை. நான் செய்யேல்லைப் பிள்ளை எண்டு சாகிறதுக்கு முதல் என்ரை தலையிலை கை வைச்சுச் சொன்னவர். நான் நம்பினனான். இப்ப உங்கட மகன் சொல்லுறார், இதைப் பற்றியே படிச்ச மனுசன். நான் ஆரை நம்புறது அங்கிள்?" என்றாள். அழவில்லை. நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு ஒன்னும் தெரியாதும்மா" என்றேன். எண்பத்திரண்டு வயதில், கம்பிவேலி இல்லை, கூடாரம் இல்லை, துப்பாக்கி இல்லை, அறுபது வயதுப் பெண் ஒருத்தி தன் அப்பாவைப் பற்றிக் கேட்கிறாள், அவளிடம் அப்படிச் சொன்னேன். ஏன் என்று கேள். நான் உண்மையைச் சொன்னால் உன் பதவி ஏற்பு என்ன ஆகும் என்று மனசு கணக்குப் பார்த்தது. அவள் தலையை ஆட்டிவிட்டுப் படி இறங்கிப் போனாள். கேட்டைச் சாத்தும்போது அந்தப் பேப்பரை எங்கள் குப்பைத் தொட்டியில் போட்டாள். தன் அப்பாவைப் பற்றி அவள் இத்தனை வருஷம் பிடித்துக்கொண்டிருந்தது என் வாசலில் அவள் கையை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் காலையில் கடைக்குப் போய் ஒரு நோட்டு வாங்கி வந்து இதை எழுதத் தொடங்கினேன். மூன்று நாள் ஆகிவிட்டது.

உன்னிடம் கோபம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்காதே. இந்தக் குடும்பத்தில் பயத்தைத் தொடங்கி வைத்தவன் நான்தான். உன்னைச் சுமந்துகொண்டு டிரஸர் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன், நீ என் தோள் மேல் இருந்து ராஜேஸ்வரிக்குக் கை காட்டுவாய். உனக்கு நான் என்னத்தைக் கற்றுக் கொடுத்தேன்? வாயை மூடிக்கொண்டால் காலம் சரிசெய்துவிடும் என்பதைத்தான். நீ என்னைவிடப் படித்தவன், வாயை மூடிக்கொள்வதற்குப் பதில் அழகாகப் பேசிவிட்டாய். ஆனாலும் தம்பி, டேப்பை நிறுத்திவிட்டு அழுத அந்தப் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அவன் எங்கே போனான் என்று தெரியவில்லை. அவனை நம்பி ஏமாந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

விழாவுக்கு வரமாட்டேன். டிரைவரை அனுப்ப வேண்டாம். இதுவரை உள்ளதை இரண்டு பிரதியாக எழுதினேன். ஒன்றை இன்று காலையில் ராஜேஸ்வரி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் நின்றபடியே கடைசி வரை படித்தாள். நான் கீழே படியில் நின்றேன். கோயில் கூட்டத்தில் கை தூக்கிய இடம் வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் அதே இடத்தைப் படித்தாள் என்று நினைக்கிறேன், நீண்ட நேரம் பக்கம் திரும்பவில்லை. முடித்ததும், "நீங்கள் இனி இஞ்சை வர வேண்டாம் அங்கிள்" என்றாள். சரிம்மா என்றேன். "மகனுக்கு எழுதினதை ஏன் முதலிலை என்னட்டைக் கொண்டந்தனீங்கள்?" என்று கேட்டாள். அவன் போன் பண்ணி அப்பா என்று ஒரு தடவை கூப்பிட்டால் இதைக் கிழித்துப் போட்டுவிடுவேன்மா என்றேன். பேப்பருக்குக் கொடுப்பதும், கொடுக்காமல் விடுவதும் இனி உன் இஷ்டம்மா, நான் ஒன்றும் கேட்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

அதனால் என்னைக் கூப்பிடாதே. கூப்பிட்டாலும் என்னிடம் ஒன்றும் இல்லை. அவளிடம் போ. அலோர் காஜா பசாருக்குப் பின்னால், பச்சைக் கேட் போட்ட வீடு. உன்னை அவள் உட்காரச் சொல்லமாட்டாள், அப்படியே நின்று பேசு. ஆபீஸ் பெண்ணையோ வக்கீலையோ அனுப்பாதே. நீயே போ.

உன் அப்பா